கால்சட்டை எண் எண்பத்தெட்டு

சாவி என்னிடம்தான்.
நெப்ராஸ்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம்,
மணிக்குப் பதினோரு டாலர்,
அணிவகுப்பு வாத்தியக் குழுவின்
இருநூற்றுப் பன்னிரண்டு சீருடைகளையும்
எண்ணித் தந்து எண்ணி வாங்குகிறவன்.
சூசபோன்கள் பதினாறு.
எதில் எந்தப் பக்கம் நெளிவு
என்பதுவரை எழுதி வைத்திருக்கிறேன்.

ட்வைலா பெட்டிஃபோர்டுக்குப் பதினான்காம் எண்.
பதினாறு கிலோ பித்தளையைத்
தோளில் மாட்டிக்கொண்டு மண்டியிடுவது
லேசுப்பட்ட காரியமில்லை.
பயிற்சி முடிந்த இரவுகளில்
இந்த அறையில்தான் பழகினாள்:
இடக்கால் முன்னே, ஒரு மூச்சு,
அப்புறம் வலது முட்டி.
நான் கையுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன்.
எதற்கென்று கேட்கவில்லை.
பின்விளக்கு எரியவில்லை என்று
போலீஸ் நிறுத்திய காரில்
அவளோடு எட்டாவது படித்த பையன் இருந்தான்.
கார் மட்டும் வீட்டுக்கு வந்தது.

சனிக்கிழமை,
அறுபதாயிரம் பேர் நெஞ்சில் கைவைத்து நிற்க,
தேசிய கீதத்தின் நான்காவது அடியில்
ஒரே ஒரு பித்தளை வாய்
வரிசையிலிருந்து கீழிறங்கியது.
கத்தவில்லை. கொடி பிடிக்கவில்லை.
ஒரு சுரம்கூடத் தப்பாமல்
முட்டியில் நின்றே வாசித்து முடித்தாள்.
அதுதான் அவர்களுக்கு
இன்னும் எரிந்திருக்க வேண்டும்.
மேலிருந்து பாப்கார்ன் வாளி விழுந்தது,
ஐஸ் விழுந்தது,
சொற்கள் விழுந்தன.
சொற்களுக்கு என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

விசாரணை மூன்றாம் மாடியில்.
என்னையும் கூப்பிட்டார்கள்.
"சீருடை யாருடையது, மிஸ்டர் க்ளாசன்?"
பல்கலைக்கழகத்துடையது.
"வாத்தியம்?"
பல்கலைக்கழகத்துடையது.
"மைதானம்?"
அதுவும்தான், அம்மா.
"ஆக, அந்த உடுப்புக்குள் இருக்கும்வரை
பேசுவது பல்கலைக்கழகம், இல்லையா?"

"ஷூ என்னுடையது" என்றாள் ட்வைலா.
"நாற்பத்திரண்டு டாலர். ரசீது இருக்கிறது."
யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
"இது அரசு நடத்தும் இடம்.
அரசு யார் வாயையும் அடைக்கக் கூடாதென்று
முதலாண்டில் நீங்கள்தான் பாடம் வைத்தீர்கள்.
பி பிளஸ் போட்டீர்கள்."

சூசபோன் வாய்க்கு உறை உண்டு,
பதினாறும் என் அலமாரியில் இருக்கின்றன.
ஊர் வாய்க்குத்தான் மூடி இல்லை என்பார்கள்.
இருக்கிறது.
ஒரு பக்கக் கடிதம், நல்ல தாள்:
மண்டியிட உங்களுக்கு முழு உரிமை உண்டு,
சீருடையில் இல்லாத நேரங்களில்.

பதினான்கைத் திருப்பித் தந்தாள்.
முறைப்படி தடவிப் பார்த்தேன். புது நெளிவு இல்லை.
கையெழுத்திட்டாள்.
பேனாவைத் திரும்பக் கேட்க
எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த சனி, பதினைந்து சூசபோன்கள்.
கேமராக்கள் வரிசை வரிசையாக மேய்ந்தன.
எல்லோரும் நின்றார்கள்.
குழு இயக்குநர் லிண்ட்குவிஸ்ட்
ஒரு வாரமாக அடக்கிய மூச்சை விட்டார்.

ஞாயிறு துவைக்கும் நாள்.
எங்கள் புல் நிஜப்புல் இல்லை,
அடியில் கறுப்பு ரப்பர் துகள்.
ஷூவில் ஏறும், கால்மடிப்பில் தங்கும்.
முட்டிக்கு வராது,
முட்டியே போய்த் தொட்டாலொழிய.

எண்பத்தெட்டின் வலது முட்டியில் இருந்தது.
பெரிய முரசு வரிசைக்குப் பின்னால்,
எந்தக் கேமராவும் எட்டாத இடம்.
யாருடைய எண் என்று எனக்குத் தெரியும்.
இங்கேயும் சொல்லப் போவதில்லை.

புதிதாக ஒரு படிவம் தந்திருக்கிறார்கள்.
முட்டியில் கறை: ஆம், இல்லை.
கீழே என் பெயருக்கு ஒரு கோடு.

இல்லை என்று எழுதிவிட்டு
நூற்று மூன்றை எடுத்தேன்.
அதிலும்.

உதறாமல் அப்படியே மெஷினில் போட்டேன்.
வடிகட்டி அடைத்துக்கொண்டால்
என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.